மனப்பதற்ற மாத்திரைகளும் ஆழமாகும் மனச்சோர்வும்

மனப்பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளை நம் மக்கள் 'நரம்பு மாத்திரை' என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குள் குணத்திலும் பக்கவிளைவிலும் வேறுபட்ட பல மருந்துகள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் சில, பதற்றத்தைத் தணித்துக்கொண்டே மனச்சோர்வை ஆழப்படுத்தக்கூடியவை. அவற்றைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நாம் மருத்துவர் அல்லர். மருந்து எழுதித் தருவதும் நிறுத்துவதும் நம் பணியன்று. ஆனால் பங்குகளில் இல்லம் சந்திக்கச் செல்லும்போது இரண்டு விதமான ஆபத்துகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். ஒன்று, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் பதினைந்து நாள்களுக்கு என்று எழுதப்பட்ட சீட்டை வைத்துக்கொண்டு இன்றுவரை அதே மாத்திரையை வாங்கி விழுங்குவது. மற்றொன்று, குணமளிக்கும் செபக்கூட்டத்துக்குப் போய்வந்த கையோடு, 'இனி ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் குப்பையில் போடுவது. முதலாவது மெல்ல மெல்லக் கெடுக்கும். இரண்டாவது சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

எந்த மாத்திரை, என்ன செய்கிறது?

பெரும்பாலோர் வீட்டில் இருப்பது பென்சோடயசெபின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரை. அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம், டயசெபம் என்பவை இதில் அடங்கும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்; நிறுவனங்கள் இடும் வணிகப் பெயர் கடைக்குக் கடை மாறும், மருந்தின் பெயர் மாறாது. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் ரோச் நிறுவனத்தில் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இலும், வேலியம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் வழக்கிலிருந்த பார்பிடுரேட் மருந்துகள் அளவு கொஞ்சம் மிஞ்சினாலே உயிரைப் பறிப்பவை. அவற்றோடு ஒப்பிட்டால் இவை பாதுகாப்பானவை என்று உலகமே வரவேற்றது. அந்த வரவேற்பில் நியாயமும் இருந்தது. இன்றும் நிற்காமல் வரும் வலிப்பை அடக்கவும், குடியை நிறுத்துகிறவருக்கு வரும் நடுக்கத்தைத் தணிக்கவும், அறுவை சிகிச்சைக்கு முன் அச்சத்தைக் குறைக்கவும் இந்த மருந்துகள் இன்றியமையாதவை.

மூளையில் 'காபா' என்னும் ஒரு வேதிப்பொருள் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கிறது. வண்டிக்குப் பிரேக் போல என்று சொல்லலாம். பென்சோடயசெபின் அந்தப் பிரேக்கை இன்னும் பலமாக அழுத்துகிறது. அதனால்தான் அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்கி உறக்கம் வருகிறது. பதற்றம் மட்டும் தணிந்தால் நன்றாயிருக்கும்; நினைவு, கவனம், நடையின் உறுதி, உற்சாகம் எல்லாமே சேர்ந்து தணிகின்றன. பகலில் அசதி, மறதி, தடுமாற்றம், இருசக்கர வண்டி ஓட்டும்போது கை கால் உடனே செயல்படாமை ஆகியவை சாதாரணமாகக் காணப்படும் பக்கவிளைவுகள். முதியவர்கள் இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இந்த மாத்திரை ஒரு முக்கிய காரணம். தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, எல்லாம் மறந்துபோகிறது என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பகுதி மாத்திரையின் வேலையாக இருக்கலாம்.

மதுவோடு சேர்ந்தால் நிலைமை வேறு. மதுவும் அதே பிரேக்கைத்தான் அழுத்துகிறது. இரண்டும் சேரும்போது மூச்சே நின்றுபோகலாம். கடும் வலிக்குத் தரும் மார்பின் போன்ற அபினி வகை மருந்துகளோடும் இதே ஆபத்து உண்டு என்பதால் 2016இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்தின் குறிப்பேட்டில் அச்சிடச் செய்தது. 2020இல் பழக்கமாதல், உடல் சார்ந்திருத்தல், நிறுத்தும்போது வரும் தொல்லைகள் ஆகியவற்றையும் அந்த எச்சரிக்கையில் சேர்த்தது.

இரண்டாவது குடும்பம், மூளையில் செரட்டோனின் அளவைச் சீராக்கும் மருந்துகள். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃபுளூவாக்சடின் முதலியவை. மனச்சோர்வுக்கென்று வந்த இவை, நீண்டகாலப் பதற்றத்துக்கும் இன்று முதலில் தரப்படுகின்றன. இவை பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. ஆனால் பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் ஆகும். மூன்றாவதாக, புரப்ரனலால். இதயத்துடிப்பையும் கை நடுக்கத்தையும் மட்டும் அடக்குவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

நம் நாட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எஸ்சிடலோபிராமும் குளோனசெபமும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கப்படுகின்றன. வாங்குகிறவருக்குத் தாம் இரண்டு மருந்து சாப்பிடுகிறோம் என்பதே தெரிவதில்லை. அவர் 'சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டேன்' என்று சொல்லும்போது, பென்சோடயசெபினையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார் என்பதுதான் பொருள்.

மனச்சோர்வு ஏன் கூடுகிறது?

பதற்றமும் மனச்சோர்வும் பெரும்பாலும் சேர்ந்தே வரும் நோய்கள். மருத்துவரிடம் போகிறவர் 'தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது' என்று சொல்வார். 'வாழவே பிடிக்கவில்லை' என்று சொல்ல மாட்டார். அதைச் சொல்ல நம் ஊரில் வெட்கம். ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேரைப் பார்க்க வேண்டிய மருத்துவர், சொன்னதற்கு மட்டும் மருந்து தருவார். தூக்கம் வரும், வீட்டாரும் நிம்மதியடைவார்கள். உள்ளே இருக்கும் சோர்வுக்கு மருந்து இன்னும் தொடங்கவே இல்லை. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இலேயே இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொன்னது. இந்த மாத்திரைகளைக் கடும் பதற்றத்துக்கு 2 முதல் 4 வாரங்கள் மட்டுமே தர வேண்டும். மனச்சோர்வு உள்ளவருக்கு இவற்றை மட்டும் தனியாகத் தரக்கூடாது, தந்தால் தற்கொலைக்குத் தூண்டுதலாகலாம். அல்பிரசோலத்தின் அமெரிக்கக் குறிப்பேட்டிலும் பென்சோடயசெபின்கள் மனச்சோர்வை மோசமாக்கக்கூடும் என்று எழுதப்பட்டிருக்கிறது.

மாத்திரை நேரடியாகவும் மனத்தை மந்தமாக்குகிறது. துக்கம் குறைவது போலவே மகிழ்ச்சியும் குறையும். பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் ஒன்றும் தோன்றாது. அழுகையும் வராது, சிரிப்பும் வராது. பக்தியுள்ளவர்களுக்கு இது இன்னொரு வேதனையாக மாறுவதைக் காண்கிறோம். செபமாலை சொல்லும்போது மனம் ஒன்றுவதில்லை, திருப்பலியில் உட்கார்ந்திருந்தாலும் கல்லைப் போல இருக்கிறேன், கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருகிறார்கள். உணர்வு மழுங்குவது நோயின் குறியாகவோ மருந்தின் பக்கவிளைவாகவோ இருக்கும்போது அதில் பாவம் ஏதும் இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வில் ஞாயிறு திருப்பலிக்கு வராதவரும் குற்றம் செய்தவர் ஆகமாட்டார். நோயுற்றவருக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்பது திருச்சபையின் போதனை.

மூன்றாவது காரணம் பலருக்கும் தெரியாதது. அல்பிரசோலம் உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடும். சராசரியாக 11 மணி நேரத்தில் பாதி போய்விடுகிறது. பல மாதங்கள் சாப்பிட்டுப் பழகிய உடல், இரவில் விழுங்கிய மாத்திரையின் வேகம் விடியலில் குறைந்ததுமே அடுத்ததற்கு ஏங்குகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சு அடைக்க, காரணமில்லாத திகிலோடு எழுகிறார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு அரை மாத்திரை போட்டுக்கொள்கிறார். இப்படித்தான் அளவு கூடுகிறது.

'0.5 மில்லிகிராம் சின்ன மாத்திரை தானே' என்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளிலிருந்து மீள விரும்பியவர்களுக்காக ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் வகுத்த ஒப்பீட்டின்படி, 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் 10 மில்லிகிராம் டயசெபத்துக்குச் சமம். எண் சிறியதாயிருப்பது மருந்தின் வீரியத்தைக் காட்டுகிறதே தவிர, அதன் எளிமையை அன்று.

இளையோருக்குத் தனிக் கவனம்

செரட்டோனின் மருந்துகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குப் பதற்றம் கூடும். ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, எரிச்சல், தூக்கமின்மை வரும். 25 வயதுக்குக் கீழுள்ளவர்களில் சிறு பங்கினருக்குத் தற்கொலை எண்ணமும் கூடலாம். 2004இல் சிறுவர்களுக்கும் விடலைப் பருவத்தினருக்கும், 2007இல் 24 வயது வரையுள்ளோருக்கும் என்று அமெரிக்க நிர்வாகம் இந்த எச்சரிக்கையை விதித்தது. அதற்கு மேற்பட்ட வயதினரிடம் அந்த ஆபத்துக் கூடுவதாகக் காணப்படவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் குறைவதாகவே தெரிந்தது. எனவே இளையோருக்கு மருந்தே ஆகாது என்று பொருளல்ல. சிகிச்சை பெறாத மனச்சோர்வு அதைவிடப் பெரிய ஆபத்து. முதல் மாதத்தில் பிள்ளையைத் தனியாக விடுதிக்கு அனுப்பிவிட்டு ஃபோனில் நலம் விசாரிப்பது போதாது என்பதே பொருள்.

முதியவர்களுக்கு இதே மருந்துகளால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து குழப்பம் வரலாம். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தக்கசிவு வரலாம். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. தைராய்டு குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்யும்படி மருத்துவர் சொன்னால் வீண் செலவு என்று தட்டிக்கழிக்க வேண்டாம்.

திடீரென நிறுத்தினால்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் உண்டு என்பவர்கள் இதைப் படியுங்கள். பல மாதங்கள் பென்சோடயசெபின் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால், பிரேக் இல்லாத வண்டியைப் போல மூளை ஓடத் தொடங்கும். வியர்வை, நடுக்கம், வாந்தி, பல இரவுகள் தூக்கமின்மை, ஒளியும் ஓசையும் தாங்க முடியாமை, தோலில் ஏதோ ஊர்வது போன்ற உணர்வு, இல்லாதவற்றைப் பார்ப்பதும் கேட்பதும், கடைசியாக வலிப்பு. அல்பிரசோலம் போன்றவற்றில் இது ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும். டயசெபத்தில் ஒரு வாரம் கழித்தும் வரலாம். மரணமும் நேர்ந்திருக்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் ஞாயிறன்று தியானம் முடித்து மாத்திரைகளை வீசிவிட்டு வீடு திரும்புகிறார். செவ்வாயன்று நடுங்குகிறார், குரல்கள் கேட்பதாகச் சொல்கிறார், கண்கள் செருகக் கீழே விழுகிறார். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். 'பேய் பிடித்திருக்கிறது' என்பார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டியவரை மந்திரிக்க அழைத்துப் போவார்கள். திருச்சபைச் சட்டம் 1172இன்படி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி பெற்ற குருவைத் தவிர வேறு யாரும் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது. அந்தக் குருவும் முதலில் நோயா என்று மருத்துவர் வழியாக அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். வலிப்பு வந்தவரை உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108க்கு அழைத்து, எந்த மாத்திரை எப்போது நிறுத்தப்பட்டது என்பதைச் சொல்லுங்கள்.

மாத்திரையிலிருந்து மீள வழி இருக்கிறது. அது மெதுவான வழி. அமெரிக்காவின் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு அளவு குறைத்துத் தொடங்கலாம் என்கிறது. சிலருக்குச் சில மாதங்கள், பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வீட்டிலேயே பிளேடால் நறுக்கிக் கணக்குப் பார்க்காமல், மனநல மருத்துவரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். குழந்தைக்குக் கெடுதல் என்ற அச்சத்தில் அன்றே நிறுத்திவிடுகிறவர்கள் பலர்.

செபமும் மருந்தும்

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லும் குரல் நம்மிடையே இருக்கிறது. சில மேடைகளிலிருந்தும் அது கேட்கிறது. அது கத்தோலிக்கப் போதனை அன்று. குணமளிக்கும் செபங்களைப் பற்றி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. செபிப்பது இயற்கையான மருத்துவ வழிகளை விலக்குவதில்லை, மாறாக அவற்றைப் பயன்படுத்தவே ஊக்குவிக்கிறது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தில் நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடமும் தர வேண்டும் என்ற ஒழுங்கைக் காண்கிறோம். எந்தச் செபக்குழுவிலாவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும் பங்குத்தந்தையிடம் தெரிவியுங்கள்.

1 அரசர்கள் 19ஆம் அதிகாரத்தில் சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவிடம் வானதூதர் முதலில் செய்தது என்ன? கடிந்துகொள்ளவில்லை, விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார். மீண்டும் உறங்கவிட்டார். மறுபடி எழுப்பி உண்ணச் செய்தார். தவக்காலத்தில் வெறும் வயிற்றோடு இருந்து மாத்திரையைத் தவறவிடுகிறவர்களுக்கும், வேளாங்கண்ணிக்கு நடந்து போகும்போது மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுச் செல்கிறவர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறோம். நோயாளர்களுக்கு நோன்புக் கடமை இல்லை.

குழந்தை இயேசுவின் புனித தெரசாவின் தந்தை லூயி மார்ட்டின் 1889 முதல் 1892 வரை பிரான்சின் கான் நகரில் மனநல மருத்துவமனையில் இருந்தார். ஊரார் பேசிய பேச்சு அந்தக் குடும்பத்தை வாட்டியது. அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18 அன்று, மனைவி செலியோடு சேர்த்துப் புனிதராக அறிவித்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று மகளின் மருந்துச் சீட்டை ஒளித்துவைக்கும் பெற்றோர் இந்தப் புனிதரைத் துணைக்கு அழைக்கலாம்.

தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களும் இதைப் படிக்கக்கூடும். கடும் மனநோயும் வேதனையும் பற்றிய அச்சமும் அந்தச் செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2282ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அடுத்த எண்ணில், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இருந்த கிறிஸ்தவ அடக்க மறுப்பு 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை. உங்கள் பிள்ளைக்காகத் திருப்பலிக் கருத்துக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

வீட்டில்

மாத்திரை சாப்பிடுகிறவரிடம் சில மாற்றங்களைக் கவனியுங்கள். முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல் இருப்பது, யாருக்கும் பாரமாயிருக்கிறேன் என்ற பேச்சு, பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, பல நாள் கலக்கத்துக்குப் பின் திடீரென்று வரும் அமைதி, வழக்கத்துக்கு மாறான கோபம். நேராகக் கேளுங்கள்: 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலோர், ஒருவராவது கேட்டார்களே என்று மனம் திறப்பார்கள். 'ஆம்' என்றால் அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள்.

மாத்திரைகளை வீட்டில் இன்னொருவர் வாங்கிப் பூட்டிவைத்து அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுப்பது நல்ல வழக்கம். புனித தெரசாவே தம் இறுதி நோயில், தாங்க முடியாத வலியில் இருப்பவர்களுக்கு அருகே நச்சுள்ள மருந்துகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று தம் சகோதரியிடம் கேட்டுக்கொண்டார். பூச்சிமருந்தும் அதே பூட்டுக்குள் இருக்கட்டும்.

2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலம், டயசெபம் ஆகியவை எச்1 என்னும் பட்டியலில் உள்ளன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. வாங்கியவர் பெயரையும் அளவையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தெரிந்த கடை என்பதால் சீட்டில்லாமல் ஓர் அட்டை கொடுத்துவிடுகிறவர் உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். நம் பங்குகளிலும் மருந்துக்கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைத் தம் மனச்சான்றோடு எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, எந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், மதுப்பழக்கம் உண்டா, சோர்வு முன்னைவிடக் கூடியதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட ஒருவர் போவது இன்னும் நல்லது. பணம் தடையாக இருந்தால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்; போக்குவரத்துச் செலவுக்கு வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் கேட்கலாம், காரணத்தை எல்லாரிடமும் விளக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அன்பியப் பொறுப்பாளர்கள் இந்த எண்ணைக் கூட்டக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.